சிவப்பு மிளகாய் பச்சையான வருஷம்

பரமாரிபோ
25 ஜனவரி 1976

அன்புள்ள ஹெஸ்டி,

இங்கு நான் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரோட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைத்தது பற்றி ரொம்பச் சந்தோஷம். ஆனால் உன் கடிதம் முழுக்கப் பனியைப் பற்றித்தான் இருக்கிறது. என்னை எப்போது அழைத்துக்கொள்வாய் என்பதற்கு அரை வரி.

இப்போது பெப்ரேயின் சமாசாரம். விமானம் ஏறப் போகிற அன்று, மரம் வெட்டும் முகாமிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்னை என் கையில் திணித்து, "எனக்குப் பதிலா இது உன்கூட இருக்கட்டும்" என்றாயே. எந்தப் புருஷனாவது பெண்டாட்டிக்குத் துணையாகப் பாம்புக் குட்டியை விட்டுப் போவானா? மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது என்று, மிளகாய்க்கு நாம் சொல்லும் பெப்ரே என்ற பெயரையே அதற்கு வைத்துவிட்டுப் போனாய். முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டுதான் அதன் முன்னால் பல்லியை நீட்டினேன். இப்போது விடிந்ததும் காப்பிக்கு முன்னால் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். கிளையில் நாலு சுற்றுச் சுற்றி, நடுவில் தலையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

ஆனால் படர்ந்து வரும் பாசி போல அதன் விலாவில் பச்சைப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. உலகத்து மிளகாயெல்லாம் பச்சையாக இருந்து பழுக்கும். உன் மிளகாய் பழத்திலிருந்து காய்க்குத் திரும்புகிறது. இது நோயா? உனக்கு ஏதாவது தெரியுமா?

வீட்டுக்காரி மெட்டா அத்தை நேற்று ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் பேசாமல் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு போனாள். அவள் பேசினால்கூடப் பரவாயில்லை.

உன்
எஸ்ஸலின்


ரோட்டர்டாம்
20 பிப்ரவரி 1976

என் எஸ்ஸலினுக்கு,

உன் கடிதம் கண்டேன். பாம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெட்டிச் சாய்த்த மரத்தின் கிளையில் இருந்தது, அழகாக இருந்தது, எடுத்து வந்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பேச்சு கடல் தாண்டி இங்கேயே வந்துவிட்டது. போன சனிக்கிழமை நம் ஊர்க்காரன் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரன், "ஏம்ப்பா ஹெஸ்டி, உன் பொண்டாட்டி வீட்டுல பேய் வளக்குறாளாமே? காலையில ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறமாமே?" என்றான். கடையே சிரித்தது. பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன். மீதியை நானே வெட்டிக்கொண்டேன். நீ பார்த்தால் நீயும் சிரிப்பாய்.

தயவுசெய்து அதை ஓடைக்கரையில் விட்டுவிடு. மெட்டா அத்தை வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவாய்? நான் இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? உன் பயணத்துக்கான வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் பொறு.

உன்
ஹெஸ்டி


பரமாரிபோ
14 மார்ச் 1976

ஹெஸ்டி,

முடி வளர்ந்துவிடும், கவலைப்படாதே.

இங்கே நடப்பதைக் கேள். ஊரில் பாதிப் பேர் பெப்ரேயைத் தெய்வம் என்கிறார்கள். வாசலில் முட்டையும் பீரும் வைத்துவிட்டுப் போகிறார்கள். மீதிப் பாதி சாத்தான் என்று துப்பிவிட்டுப் போகிறது. தைக்கக் கொடுத்திருந்த துணியை இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சாமியும் வேண்டாம், சாத்தானும் வேண்டாம், தைக்கத் துணி வந்தால் போதும் எனக்கு.

மெட்டா அத்தை சபைப் பெண்கள் நாலு பேரோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஈஸ்டருக்குள்ள அது போகணும். இல்லேன்னா நீ போகணும்" என்றாள்.

உன் பேச்சைக் கேட்டு ஓடைக்கரைக்கும் போனேன். ஒரு கொய்யாக் கிளையில் அதை விடப் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கிளைக்குப் போய்விட்டது, வால் மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை. திருகிக் கழற்றியிருக்கலாம். முடியவில்லை. பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக இருக்கிறது இப்போது. காட்டில் எந்த இலையும் அதை மறைக்காது. கழுகு கண்ணில்தான் முதலில் படும். திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

விட்டுவிடு என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருக்கிறது. அந்த வேலையில் உனக்குப் பழக்கம் இருக்கிறது.

எஸ்ஸலின்


பரமாரிபோ
21 ஏப்ரல் 1976

ஹெஸ்டி,

போன கடிதத்துக்கு உன் பதில் இல்லை. பரவாயில்லை, எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் மதியம் மெட்டா அத்தை வந்தாள். பின்னால் சபைக் கூட்டம். அவள் மகன் ரூபன் கையில் சாக்கு. நான் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் பெப்ரேயின் கிளையை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்தேன். கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

கடைசிச் சிவப்பும் அந்த வாரம்தான் போயிருந்தது. கிளி இறகு போல ஒரு பச்சை, ஹெஸ்டி! முதுகு நெடுக வெள்ளை வெள்ளையாகக் கோணல் கோடு. கழுத்துக்குக் கீழே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டுத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி மஞ்சள். அது மட்டும் மாறவே இல்லை.

"பாத்தீங்களா, தோலையே மாத்திக்கிச்சு. இது நல்ல சக்தி இல்ல" என்றாள் மெட்டா அத்தை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அத்தை, உங்க ரூபன் பொறந்தப்ப என்ன நிறத்துல இருந்தான்?" என்று கேட்டேன்.

அவன் பிறந்த கதை தெருவுக்கே தெரியும். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவளே போய்ச் சொல்லுவாள். ரூபன் இப்போது அடுப்புக்கரி நிறம். சாக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"தேங்காப்பால் மாதிரி இருந்தான்" என்றாள் மெதுவாக.

"உங்க மாமியார் என்ன சொன்னாங்க?"

"எங்க ரத்தமே இல்லேன்னா. வாசப்படி மிதிக்கல."

"அப்புறம்?"

மெட்டா அத்தை ரூபனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறாள்! தலைத்துணி அவிழ்ந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். "ஆறு மாசம்டி! அந்தப் பொம்பள வாய அடைக்க இவனுக்கு ஆறு மாசம் ஆச்சு!" அவள் சிரித்ததும் சபையே சிரித்தது. பிறகு கிட்டே வந்து, குனிந்து, பெப்ரேயை ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிராமலே, "ரூபா, சாக்கைக் கீழ போடு" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன், ஹெஸ்டி. யாரும் பக்கத்தில் இல்லாமல் ஜெயித்தேன். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது.

எஸ்ஸலின்


ரோட்டர்டாம்
22 ஏப்ரல் 1976

என் எஸ்ஸலின்,

மார்ச் மாதம் நீ எழுதிய கடைசி வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் இந்த ஊர் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போனேன். உள்ளே சூடாக இருக்கும் என்பதற்காகத்தான் பாம்பு வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பாம்பு ஒன்று. அடுத்த கண்ணாடிக்குப் பின்னால், சிவப்பாக, விரல் பருமனில், ஐந்தாறு பெப்ரேகள். தாயும் பிள்ளைகளும் என்று எழுதியிருந்தார்கள். வளர்ந்தால் பச்சையாகிவிடுமாம். பிறவியே அப்படியாம்.

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அங்கே இருந்த பராமரிப்பாளர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். "எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. என் பொண்டாட்டி வளக்குறா" என்றேன். இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக ஒருவரிடம் பெருமையாக ஒரு விஷயம் சொன்னேன். எல்லோரும் விட்டுவிடச் சொன்னபோது விடாதவள் என்றும் சொன்னேன். சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொன்னேன்.

எஸ்ஸலின், எனக்கு இங்கே பிடிக்கவில்லை. பனியைப் பற்றி அவ்வளவு எழுதியது வேறு எழுத ஒன்றும் இல்லாததால்தான். உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று இனிமேல் எழுதப் போவதில்லை. நான் வரட்டுமா?

உன்
ஹெஸ்டி


பரமாரிபோ
16 மே 1976

அன்புள்ள ஹெஸ்டி,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ கண்ணாடிமுன் நின்ற கதையை மெட்டா அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அவனுக்கு இப்பவாவது கண்ணு தொறந்துச்சே" என்றாள்.

நான் அங்கே வரப் போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. இங்கே எனக்கு நேரமே இல்லை. துணிகள் திரும்பி வந்துவிட்டன, கூடவே புதிதாகவும் வந்திருக்கின்றன. பச்சைச் சட்டையில் மஞ்சள் ஒட்டு வைத்துத் தைத்துத் தரச் சொல்கிறார்கள் பெண்கள். சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், அவர்களைச் சாக்காக வைத்துப் பெரியவர்களும் பெப்ரேயைப் பார்க்க வருகிறார்கள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்மானிப்பது மெட்டா அத்தைதான். போன வாரம் பாதிரியாரையே கால்மணி நேரம் நிற்க வைத்தாள்.

வா, ஹெஸ்டி. நான் சொன்னால்தான் வருவாய் என்றால், சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தாயானால் வாசலில் கூட்டம் இருக்கும். நான்தான் புருஷன் என்று சொல்லி முன்னால் நுழையப் பார்க்காதே, மெட்டா அத்தை விடமாட்டாள். எல்லோரையும் போல வரிசையில் நில். உன் முறை வரும்போது கதவை நானே திறக்கிறேன்.

உன்
எஸ்ஸலின்