பாப்பாவின் இனிஷியல்

மாரண்டஹள்ளி
6-11-1972

பாப்பாவின் அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

பாப்பா பெயருக்கு முன்னால் உங்கள் எழுத்தே இருக்க வேண்டும் என்று போன கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள். நான் அதை ஜூன் மாதமே மாற்றிவிட்டேன். என் அப்பா கஸ்பாரின் எழுத்தைப் போட்டேன். இதுவரை உங்களிடம் மறைத்தேன்.

புதுப் பள்ளியில் தலைமையாசிரியர், "தகப்பன் கையெழுத்து இல்லாம மாத்த முடியாதும்மா" என்றார். நீங்கள் பெங்களூர் போய் நாலு வருஷமாகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "அவரு தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வியாழக்கிழமை, கல்லறைத் திருநாளன்று, எனக்குத் தெரியாமல் ஒரு மெழுகுவர்த்தியைத் தனியாக எடுத்து வந்திருக்கிறாள். எந்தக் கல்லறையில் வைப்பது என்று தெரியாமல், சுவரோரம் வெறும் மண்ணில் நட்டு ஏற்றினாள். "இது அப்பாவுக்கும்மா" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளை சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ உசுரோடதான் இருக்காரா? அப்புறம் ஏம்மா வூட்டுக்கு வரல?"

மறுநாள் பள்ளியில் உண்மையைச் சொல்லி, உங்கள் எழுத்தையே திரும்பப் போடச் செய்தேன். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமலே பதிவேட்டைத் திருத்தினார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களைச் செத்தவராக்கியவள்