ஒன்பதாம் கேள்வி

அறிவும் கோபமும் சரிசமமாக வாய்த்த என் மருமகளுக்கு,

நானூறு அறைகளையும் நாலு லட்சம் மூட்டைப்பூச்சிகளையும் கட்டியாளும் மாணவர் விடுதி வார்டன், அதாவது உன் மாமன், எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தை என்னைவிட நலம். போனில் சொன்னால் நீ கத்துவாய் என்பதால் கடிதம்.

உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை இங்கே அறுபது மாணவர்களிடம் கொடுத்து வாங்கிவிட்டேன். உயிரை விடும் எண்ணத்தில் இருக்கும் மாணவனை அந்தத் தாள் சரியாகக் காட்டிக்கொடுக்கிறதா, மனநல டாக்டர் நேரில் பேசித் தெரிந்துகொள்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தானே இந்தப் பாடு? "சாப்பாட்டில் நாட்டம் குறைந்ததா?" என்பதற்கு அறுபது பேரும் "தினமும்" என்று போட்டிருக்கிறார்கள். அது மனச்சோர்வு இல்லையம்மா, எங்கள் சமையல்காரர். விஷயம் அவர் காதுக்குப் போய், "காகிதம் குடுத்து என் மானத்த வாங்கிட்டீங்களே சார்" என்று மூன்று நாள் உப்பே போடவில்லை. "தூக்கம் கெட்டதா?" என்றால், "பரீட்சை வாரத்தையும் சேர்த்தா?" என்கிறார்கள். இரண்டையும் திருத்து.

இனி என் குற்றம். உன் ஒன்பதாம் கேள்வி, "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா?" சும்மா இருக்கிற பிள்ளைக்கு நாமே நினைப்பூட்டி விடுவோமோ என்று எனக்குப் பயம். நகலெடுக்கும்போது அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை வைத்து மறைத்துவிட்டேன். எட்டுக்கு அடுத்து பத்து. எவன் கவனிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

ஒருவன் கவனித்தான். பெயர் வேண்டாம் என்று சொல்லித்தான் உனக்கு எழுதச் சம்மதித்தான். கொக்கு என்று வைத்துக்கொள். கேலி பேசுவதில் எனக்கே அண்ணன். மறுநாள் மத்தியானம் அலுவலறைக் கதவில் சாய்ந்து, "சார், ஒன்பது எங்க?" என்றான். அச்சுப்பிழை என்று புளுகினேன். அவன் நகரவில்லை. "அதுல என்ன இருக்கும்னு தெரியும் சார். யாராச்சும் கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றான்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிறகு கேட்டேன், நீ எழுதியபடியே, ஒரு சொல் மாற்றாமல். சொன்னான். அரைமணியில் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மற்ற ஐம்பத்தொன்பது பேரையும் அந்த வாரமே டாக்டர் பார்த்துவிட்டார்.

ஐந்து வாரம் ஆகிறது. கொக்கு வாரம் தவறாமல் டாக்டரிடம் போகிறான். நேற்று அவன் அடித்த பந்து என் ஜன்னல் கண்ணாடியைத் தூள்தூளாக்கியது. கண்ணாடி உடைந்ததற்குச் சிரித்த வார்டன் இந்த அண்டத்திலேயே நான் ஒருவன்தான்.

அந்த அறுபது தாளும் உனக்கு உதவாது. வேண்டிய மட்டும் திட்டு. திட்டி முடித்ததும் புதுத் தாள் அனுப்பு, இம்முறை பட்டை வைக்க மாட்டேன்.

இன்னொன்று. வாராவாரம் "நல்லா இருக்கியா?" என்கிறேன், "இருக்கேன் மாமா" என்கிறாய், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நீயும் ஒரு பல்கலைக்கழகத்தில், தனி அறையில் இருக்கும் பிள்ளைதானே. அதனால் ஒன்பதாம் கேள்வியை உன்னிடமும் கேட்கிறேன். இல்லை என்றால் ஒரு வரி எழுது. ஆம் என்றால் எழுதிக்கொண்டிருக்காதே, கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி, உடனே கிளம்பி வருகிறேன்.

நூற்றைம்பது வயது வாழ்ந்து எங்களைப் படுத்தியெடுக்க வாழ்த்தும்,
உன் மாமன்