கோழி கொத்தாமல் விட்ட தோல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, குமட்டல் மட்டும்தான். பன்னிரண்டு நாளாக எதை வாயில் வைத்தாலும் ஓங்கரித்துக்கொண்டு வருகிறது. அம்மாவுக்குப் பித்தம் என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னாராமே, பித்தமும் இல்லை ஒன்றும் இல்லை. இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. பேசினால் பக்கத்தில் அப்பா உட்கார்ந்து கண்ணைக் காட்டுவார், நீயும் பாதியிலேயே 'இரும்மா இரும்மா' என்று குறுக்கே விழுவாய். அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

போன வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் நம் சூப் கடைக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டதை உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. துப்புரவுக்காரர் வந்து கடப்பாரையால் மூடியை நெம்பினார். உள்ளே கறுப்புக் கூழுக்குள் நம் கடை பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, யாரோ அடுக்கி வைத்தது போல இருந்தன. ஒன்றில் கரண்டி கூட அப்படியே நின்றது. அவர் கையை விட்டு அள்ளி அள்ளி வெளியே போட்டார். நிமிர்ந்து பார்த்து, 'அக்கா, இது உங்க கடைதுதானே' என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் இந்தக் கையால் அந்தக் கிண்ணத்தில் ஊற்ற மாட்டேன் என்று. அந்த நேரம் பார்த்துத்தான் உன் சித்தப்பா மாவுக் கிண்ணத்தோடு வந்தார். கோதுமை மாவு, தவிடு, உப்பு, அவ்வளவுதான், உன் சித்தியே பிசைந்து அச்சில் வைத்துச் சுட்டது. ரஸ்க் மாதிரி வாசனை. சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் கடித்துத் தின்றுவிடலாம், குப்பையே கிடையாது. பல்செட் வைத்திருக்கிற வாட்ச்மேன் கடைசி வாய் சூப்பில் ஊறவைத்துத் தின்பார். நர்சுப் பெண்கள் கிண்ணத்துக்காகவே வருவார்கள். ஏழு மாசம் முன்னால் நாம் முழுக்க அதற்கு மாறினோம், எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரே ஒரு குறை, பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஒரு அம்மா மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டுக்கு எடுத்துப் போகும்போது படிக்கட்டிலேயே அடி கழன்று கால் எல்லாம் சூப். அதைச் சொன்னதும் உன் சித்தப்பா, 'ஒரு மாசம் குடுங்க அண்ணி, பாருங்க' என்றார். மாசம் முடிகிறதற்குள் புதுக் கிண்ணம் வந்தது. உள்பக்கம் மினுமினு என்று இருந்தது, ஒரு மணி நேரம் வைத்தாலும் கசியவில்லை. என்ன தம்பி பண்ணினீங்க என்றேன், கிழங்கு மாவுப் பசை பூசியிருக்கேன் என்றார். நானும் நம்பினேன். தினமும் கடை திறந்ததும் ருசி பார்க்க ஒன்றைக் கடித்துத் தின்பேன். கொஞ்சம் வழவழப்பாக, பல்லில் இழுத்துக்கொண்டு வரும். பசை என்றாரே, அதுதான் போல என்று விழுங்கிவிடுவேன். இதை எழுதும்போதே தொண்டையில் ஏறுகிறது, இரு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

உடைந்த கிண்ணங்களை வாளியில் ஊறவைத்து, பக்கத்துத் தையல்காரி வளர்க்கிற கோழிகளுக்குக் கொடுப்பது என் வழக்கம். பன்னிரண்டு நாள் முன்னால் அவள் கடைக்கு வந்து முந்தானையை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு கை நிறையச் சவ்வு. பாம்பு சட்டை உரித்துப் போட்டது போல, கிண்ணத்தின் வடிவம் கூட மாறாமல். 'அக்கா, கோழிங்க மாவைக் கொத்திட்டு இதை மட்டும் விட்டுடுதுங்க, கூண்டு முழுக்க இதுதான் கிடக்குது, என்னக்கா இது' என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நல்ல கிண்ணம் ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டேன். மாவு கரைந்து கஞ்சியாக அடியில் தங்கிவிட்டது, மேலே அந்தத் தோல் மிதந்தது. இழுத்தேன், நீண்டதே தவிரக் கிழியவில்லை. அடுப்பில் காட்டினேன். சுருங்கி, கறுத்து, சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அந்த நாற்றம் எனக்குத் தெரியாதா? குப்பை எரிகிற இடத்துப் பக்கமாக நடந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கடைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற வரைக்கும் வாந்தி எடுத்தேன். தையல்காரிதான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே கிளம்பி உன் சித்தப்பா கிண்ணம் சுடுகிற பட்டறைக்குப் போனேன். இத்தனை மாசத்தில் அங்கே பின்னறைக்குள் நான் போனதே இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, மூக்கை அறுக்கிற வாசனை. ஒரு பெண் மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, லேபிளைச் சுரண்டி எடுத்த டின்னில் பஞ்சைத் தோய்த்துத் தோய்த்து ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் தடவிக்கொண்டிருந்தாள். தின்கிற பொருளைச் செய்கிறவள் எதற்கு மூக்கைக் கட்ட வேண்டும், சொல். பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும், ஒவ்வொன்றிலும் குழந்தை சிரிக்கிற படம், 'குழந்தைகளும் உண்ணலாம்' என்று எழுத்து. உன் சித்தப்பா பதறவே இல்லை. 'அண்ணி, அது வயித்துல தங்காது, காலையில தன்னால போயிடும்' என்றார். இன்னிக்கு எதுலதான் பிளாஸ்டிக் இல்ல என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்ததும் கடைசியாக ஒன்று சொன்னார் பார், 'சாப்பிடலாம்னுதான் போட்டிருக்கேன் அண்ணி, சாப்பிடணும்னு போடலையே'. எனக்கு வந்த அருவருப்புக்கு அளவே இல்லை. பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வோம், இந்த மனிதர் நிஜமாகவே பூசி மெழுகியிருக்கிறார். மேசை மேல் இருந்த கிண்ணத்தில் ஒரு துண்டு உடைத்து அவர் கையில் கொடுத்தேன். 'இதை என் கண் முன்னால தின்னுங்க தம்பி, நான் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குப் போயிடறேன்' என்றேன். வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சத்தம் வராமல் மேசை மேலேயே வைத்துவிட்டார். அவர் டீ குடிக்க வைத்திருந்த டம்ளர் மட்டும் எவர்சில்வர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டே இருந்துவிட்டு, 'தம்பிகிட்ட பக்குவமா சொல்லி மாத்திக்கலாம், இருக்கிற சரக்கு தீரட்டும், வெளியில சொன்னா நம்ம குடும்பத்தைத்தான் சிரிப்பாங்க' என்றார். யார் வயிற்றில் தீரட்டும் என்று கேட்டேன். உன் அப்பாவைப் பார்த்து எனக்குக் குமட்டியது இந்த முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான், கோபித்துக்கொள்ளாதே. மறுநாள் நான் கிண்ணத்தை வெளியே எடுக்கவில்லை. எவர்சில்வர் கிண்ணங்களை அடுக்கி, கண்ணாடி டம்ளரில் அந்தத் தோலைப் போட்டு முன்னால் வைத்து, வருகிற ஒவ்வொருவரிடமும் இதுதான் நாங்கள் உங்களுக்குக் கொடுத்தது என்று என் வாயாலேயே சொன்னேன். இரண்டு பேர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி, சூப் இருக்கா இல்லையா' என்றார். அந்த மூன்றாம் மாடி அம்மா மட்டும் திட்டவே இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு, 'வேற எதுவும் வேணாம்னு என் பொண்ணு தினமும் இதைத்தானே தின்னா' என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோடு நானும் வார்டு டாக்டரிடம் போனேன். குழந்தைக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை, டின்னில் இருப்பது என்ன என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது, உணவுப் பரிசோதனை அலுவலகத்தில் கொடுங்கள் என்றார். மூன்றாம் நாள் நான் ஒரு பெட்டிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். அதுவரைக்கும் என்னோடு பேசாமல் இருந்த அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நொண்டி நொண்டி என் கூடவே நடந்தார். அங்கே பெயர் கேட்டபோது புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

அதிகாரிகள் வந்து டின்னை எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வருகிற வரைக்கும் பட்டறை ஓடக்கூடாது என்று உத்தரவு. அண்ணிக்கு என் வளர்ச்சி பொறுக்கவில்லை என்று உன் சித்தப்பா சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி எனக்குப் போன் பண்ணி அழுதாள். மாவில் தான் ஒன்றும் கலக்கவில்லை என்றாள், அது எனக்குத் தெரியாதா. மாவுக் கிண்ணத்தின் மேல் தப்பே இல்லை, பத்து நிமிஷம் தாங்கியது யோக்கியமான பத்து நிமிஷம்.

இவ்வளவு எழுதினேன், எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. இரண்டு மாசம் முன்னால் உனக்கு நான் அனுப்பிய பெட்டி அந்தப் பூச்சுக் கிண்ணம்தான். என் கையால் நாற்பது எண்ணி வைத்து, உடையாமல் இருக்கத் துணி சுற்றி அனுப்பினேன். பிஸ்கட்டுக்குப் பதில் சாயங்காலம் ஒன்று தின்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். விஷயம் தெரிந்த அன்றே உனக்குப் போன் பண்ணி, பூச்சி விழுந்திருக்கும், கொட்டிவிடு என்றேன் அல்லவா? பூச்சி எதுவும் இல்லை, பொய் சொன்னேன். கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொன்ன வாய்க்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வரவில்லை. சித்தப்பாவைப் பார்த்து முகத்தைச் சுளித்த எனக்கு, இப்போது என்னைப் பார்த்தாலே அப்படித்தான் இருக்கிறது. எத்தனை தின்றாய் என்று சரியாகச் சொல். மறைக்காமல் ஒரு டாக்டரைப் பார்.

அந்தப் பெட்டியை உன் ஆபீஸ் கேன்டீன் மேனேஜரிடம் நீ காட்டி, அவர் சித்தப்பாவை வரச் சொல்லியிருக்கிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை சித்தப்பா மிச்சமிருக்கிற சாம்பிளோடு ரயில் ஏறுகிறார். அவர் வந்து நிற்பதற்கு முன்னால் நீயே போய், நான் காட்டியது தப்பான பொருள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று சொல்லிவிடு. உனக்குத் தலைகுனிவாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. நம்பவில்லை என்றால் வெந்நீர் கேள், அவரிடம் நீ கொடுத்த கிண்ணம் இருந்தால் ஒன்றைப் போட்டுக் காட்டு. சித்தப்பா உன் வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்க வைக்காதே, உட்கார வைத்துச் சாப்பாடு போடு, தட்டைக் கழுவிப் போடு. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் வயிறும் மனசும் சுத்தமாக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இந்தக் கடிதத்தை நான் எழுதுவது தெரிந்தும் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிடாதே.

உனக்குப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கும்,
உன் அம்மா