வயலின்: ராகினி

பாச்சாங், மலாக்கா
8 அக்டோபர் 2024

டேய் புவனேஷ்,

நலமா? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். கோலாலம்பூரில் எட்டு வாத்தியம் வாசிக்கிறவனுக்கு மலாக்கா பஸ் மட்டும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நம் பாட்டைக் கேட்டேன். ‘வயலின்: ராகினி’ என்று போட்டிருக்கிறாயே, அதை என் வீட்டுக்காரர் வசந்தன் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். பள்ளியில் நாம் சேர்ந்து வாசித்த காலத்தில்கூட நான் இப்படி வாசித்ததில்லை. நான் தடுமாறின இடமெல்லாம் எப்படியடா வழுக்கிக்கொண்டு போகிறது? மிக்சிங்கில் ஏதோ மாயம் பண்ணியிருக்கிறாய்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? “இவ்ளோ நல்லா வாசிக்கிற, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல என்னா பண்ற? விட்டுட்டுப் போய் வாசி லா.” பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ராஜினாமா கொடுக்கப்போகிறேன். நவம்பரில் நீ நடத்தும் கச்சேரி மேடையில் உன் பக்கத்தில் நான்தான்.

சாக்குச் சொல்லாமல் பதில் போடு.

அன்புடன்,
ராகினி

கோலாலம்பூர்
16 அக்டோபர் 2024

அன்புள்ள ராகினிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கீபோர்டுமேல் கிடக்கிறது. வாசிக்க உட்காரும்போது எடுத்துக் கீழே வைக்கிறேன், அப்புறம் திரும்ப அங்கேயே வைக்கிறேன்.

அந்தப் பாட்டில் வயலின் வாசிப்பது நீ இல்லை. நான்.

நீ பதிவுசெய்து அனுப்பியதில் இரண்டு இடத்தில் சுருதி விலகியிருந்தது. மறுநாள் பாட்டு வரும் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அந்த இரண்டை மட்டும் சரிபண்ணலாமென்று வயலினை எடுத்தேன். கை நிற்கவில்லை. உன் வில் இழுப்பையே பிடித்து முழுவதையும் வாசித்துவிட்டேன். உன் பெயரை எடுக்க மனசு வரவில்லை. அது மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பலரோடு சேர்ந்து இசை பண்ணுகிறவன் என்று பேட்டியெல்லாம் கொடுக்கிறேன். தபலாக்காரர் தாமதித்தால் நானே தபலா, குழல்காரர் வராவிட்டால் நானே குழல். எனக்குத் தெரிந்த கூட்டு இவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது, ராகினி.

அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே. வசந்தன் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை. மன்னித்துவிடு.

புவனேஷ்

பாச்சாங், மலாக்கா
22 அக்டோபர் 2024

புவனேஷ்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுவிட்டேன். கையில் போன் வைத்திருக்கிறவன் இதைத் தபாலில் போட்டிருக்கிறாய். என் குரலைக் கேட்கப் பயம், இல்லையா?

வசந்தனிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. பாட்டை மறுபடி போட்டு, பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

நீ நன்றாக வாசித்தாய் என்பதில் எனக்குப் பொறாமை இல்லை. சுருதி விலகுது, இன்னொரு தடவை வாசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சரியாக வரும்வரை வாசித்திருப்பேனே. அதற்குக்கூட என்னை நம்பவில்லை நீ.

பாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடு. நவம்பர் மேடைக்கு நான் வருகிறேன். ஆபீசுக்குத் திரும்பிப்போக வழியில்லை, போகவும் மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ஒத்திகைக்கு இங்கே வா. நான் தப்பாக வாசித்தால் நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் வயலினை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

ராகினி