குடும்ப அட்டையின்படி

வெள்ளிக்கிழமை போர்த்திய பொன்னாடை இன்னும் நாற்காலி மேலேயே கிடக்கிறது. பாலியெஸ்டர் நெடியும் பன்னீர் வாசனையும் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. துவைத்து மடித்து வைக்கவும் மனசில்லை, தூக்கி எறியவும் கை வரவில்லை. டெல்டா கிராமங்களில் முதியோர் நிலை பற்றிய எங்கள் அறிக்கையின் வெளியீட்டு விழா. மேடையில் எட்டுப் பேருக்கு இதே நிறத்தில் ஒன்று. அரங்கத்தில் ஒரு கிராமத்து முதியவர் கூட இல்லை.

நீ இருந்திருந்தால், "ஏண்டி, கெழவிங்களப் பத்தி விழா எடுக்கிறீங்களே, ஒரு கெழவிக்காவது சேர் போட்டீங்களா?" என்று வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டிருப்பாய். நீ போய்ப் பத்து மாதமாகிறது. அப்படிக் கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை.

எம்.ஏ. ஹாஸ்டலில் ஒரே அறை நமக்கு. பிறகு அதே தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகத்தில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. உன் மார்க் என்னைவிட அதிகம் என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் என்று தற்காலிகப் பணியாளராகவே நீ காலம் தள்ளினாய். உன்னை ஒருநாளும் அவர்கள் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடச் சொல்லிக் கேட்டதில்லை.

மக்கள்தொகை, முதுமை என்று தலைப்புக் கொடுத்துப் பல்கலைக்கழகம் விதைநிதி அறிவித்தபோது உனக்குத்தான் முதலில் ஆசை வந்தது. சிறிதாக ஒரு ஆய்வைச் செய்து காட்டினால், அதை வைத்து வெளியே பெரிய நிதி கேட்கலாம். "நம்ம ஊருப் பக்கம் வயசானதுங்க யாரு கூட இருக்கு, யாரு இல்ல, அத மட்டும் ஒழுங்காக் கண்டுபிடிப்போம்டி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இருவரும் விண்ணப்பம் எழுதினோம்.

முன்னோட்டமாகப் பாபநாசம் பக்கம் போனோம். போன வீட்டிலெல்லாம் "நாலு பேரு", "அஞ்சு பேரு" என்றே பதில் வந்தது. வாய்க்கால் ஓரத்து வீடு ஒன்றில் ஒரு அம்மா அஞ்சு பேர் என்றார்கள். நான் ஐந்து என்று எழுதிவிட்டு எழுந்தேன். நீ எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு ஒலையில எவ்ளோ அரிசி போட்டீங்கம்மா?"

"ஒரு ஆழாக்குதான்."

"அஞ்சு பேருக்குமா?"

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "பெரியவன் சிங்கப்பூர்ல, சின்னவன் திருப்பூர்ல. கார்டுல எல்லாரும் இருக்காங்க. தனியா கெடக்கேன்னு சொன்னா எம் புள்ளைங்களத்தானம்மா ஊரு பேசும்."

ஐந்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். அதன்பின் எந்த வீட்டிலும் நாம் ஆள் கணக்கு கேட்கவில்லை. உலையில் எவ்வளவு என்றுதான் கேட்டோம். மானத்துக்காக ஆளைக் கூட்டிச் சொன்னவர்கள் அரிசியைக் கூட்டிச் சொல்லவில்லை. நெல் விளைகிற ஊரில் அது யாருக்கும் வராது போல.

விதைநிதிக் குழுவில் நான் மட்டும் போய் இதைச் சொன்னபோது புலத்தலைவர் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. "அரிசி அளக்கிறதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? ரேஷன் கடையில போய்ச் செய்யுங்க." பக்கத்தில் இருந்தவர்களும் கூடவே சிரித்தார்கள். குடும்ப அட்டையில் எத்தனை பெயரோ அத்தனை பேர் வீட்டில் என்று எழுதினால் போதும், அதுதான் ஆதாரம் என்றார்கள். தமிழ்க் குடும்பம் பெரியவர்களைக் கைவிடாது என்று ஆய்வில் வந்தால் வெளியே நிதி கேட்கவும் தோதாக இருக்குமாம். முடிவை முதலில் எழுதிவிட்டு ஆய்வைத் தேடுகிற கூட்டம்.

நான் தலையாட்டினேன். பொம்மைக்குப் பேர்போன தஞ்சாவூர்க்காரிக்குத் தலையாட்டச் சொல்லியா தரவேண்டும்?

நிதி வந்ததும் அதில் முதலில் நடந்தது, நீ அப்போதே காறித் துப்பினாயே, அந்தக் கூத்துதான். புலத்தலைவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். துறையே வேன் வைத்துக்கொண்டு போனது. வந்ததும் அதைக் களப்பயணம் என்று எழுதினார்கள். முதியோர் சடங்குகளை நேரில் கண்டறிந்தார்களாம். கேசரி நன்றாக இருந்தது என்று நான் வந்து உன்னிடம் சொன்னேன் பார், அந்த வாயை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அட்டைக் கணக்கை நான் ஒத்துக்கொண்டதைக் கேன்டீனில் வைத்துத்தான் உன்னிடம் சொன்னேன். டீயை அப்படியே வைத்துவிட்டாய்.

"அப்ப எங்கம்மாவும் தனியா இல்ல. அப்படித்தான?"

"உங்கம்மா ஏன் தனியா இருக்காங்க? நீதான் கூட இருக்கியே."

நீ என்னைப் பார்த்தாய். வாய்க்கு வந்தபடி திட்டுவாய் என்று இருந்தேன். திட்டவில்லை. "கையெழுத்துப் போட்டாச்சுல்ல, விடு" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் வேலைக்கு வந்தாய். சம்பளம் வேண்டுமே. அட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பெயர்களை எண்ணி எழுதினாய்.

ஒரு திங்கட்கிழமைக் காலை ஊரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள், பல்கலைக்கழக வாசலுக்கு வரும் முன்பே விழுந்துவிட்டாய். ஐம்பத்தொரு வயது. துறையில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மூன்றாவது நிமிடம், மிச்சக் கிராமங்களை யார் முடிப்பது என்று பேச்சு வந்தது. உங்கள் ஊரும் அந்த மிச்சத்தில் இருந்தது. கிராமங்களுக்குப் போகாமலேயே அட்டை நகல்களை வாங்கி வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தார்கள். நான்தான் மேற்பார்வை.

அறிக்கை வந்துவிட்டது. இந்தப் பகுதியில் முதியோர் பெரும்பாலும் குடும்பத்தின் அரவணைப்பில் வாழ்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். புலத்தலைவர் ஒலிபெருக்கியில் அதை இரண்டு தரம் வாசித்தார். கைதட்டினார்கள். அடுத்த கட்ட நிதி உறுதியாகிவிட்டது என்றும் சொன்னார். நன்றியுரையில் ஃப்ளெக்ஸ் அடித்தவரின் பெயர் வந்தது, உன் பெயர் வரவில்லை.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் மூலத் தரவைத் திறந்து உங்கள் ஊரைத் தேடினேன். ஏன் தேடினேன் என்று தெரியவில்லை. கதவிலக்கத்தை வைத்து உங்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா, திருப்பூரில் இருக்கும் உன் தம்பி, அவன் மனைவி, நீ. வீட்டில் நான்கு பேர். முதியவரைக் கவனித்துக்கொள்பவர் என்ற இடத்தில் மகள் என்று போட்டிருந்தது. நீ எரிந்து சாம்பலான பிறகு, எங்கள் அறிக்கையின்படி நீதான் அம்மாவுக்குச் சோறு போடுகிறாய்.

புலத்தலைவருக்குப் போன் செய்தேன். "ஒரு ஆளுதானேம்மா, அதுக்குப் போய் லீவு நாள்ல கூப்பிடுறீங்க?" என்றார். ஒரு ஆள் இல்லை, அட்டவணை முழுக்கவே இப்படித்தான், மறுபடி வீடு வீடாகப் போகவேண்டும் என்றேன். "அடுத்த நிதி வரட்டும், பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா ரொம்ப இளைத்துவிட்டார்கள். "வாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் செய்த வேலையை ஒளிக்காமல் சொன்னேன். அட்டையை வைத்துத் தப்பாக எழுதிவிட்டோம், அவள் போனபிறகு நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று மாற்றி எழுதவேண்டும் என்றேன்.

"போனதுக்கப்பறம்னு ஏம்மா எழுதுற?" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"அவதான் தஞ்சாவூர்ல ரூம் எடுத்துல்ல தங்கியிருந்தா. எட்டு வருஷமா ஞாயித்துக்கெழமதான வருவா. ராத்திரி வரைக்கும் வேலை, பஸ்ஸு கெடைக்கலம்பா. ஒங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லையே. சாயங்காலம் ஆனால் பையை மாட்டிக்கொண்டு, "அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்டி, பஸ்ஸ விட்டுருவேன்" என்று கிளம்புவாய். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் வழியில் போவேன். ஒருநாள் கூட உன்னைப் பஸ் ஏற்றிவிட்டதில்லை. உன் ரூம் எந்தத் தெருவில் இருந்தது என்பது இப்போதும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

இன்று காலை, அறிக்கை தவறு, செய்தவள் நான் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். புலத்தலைவர் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். எப்படியும் இந்த உண்மையை வெளியே கொண்டுபோகத்தான் போகிறேன், அது வேறு. அவர்கள் எல்லாரையும் நினைத்தால் எனக்கு அருவருப்பு வருகிறது. ஆனால் நேற்றுக் கேட்டதற்கு அவர்களில் யார்மீதும் பழி போட முடியவில்லை. அங்கே அம்மா தனியாக இருந்தார்கள், இங்கே நீ தனியாக இருந்தாய், நடுவில் தினமும் உன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு நான் இருந்தேன்.