மூன்றாவது ஹெட்போனில் கேட்டது

அம்மாவுக்கு, பணிவான வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படித்தான் என்று நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று விடுமுறை. சலவை ஆலையின் இரைச்சல் அறைக்கு வந்தபிறகும் காதைவிட்டுப் போவதில்லை. பாட்டுக் கேட்டால் அடங்கும் என்று, காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை மலிவாக வாங்கப் போனேன்.

"நல்லாப் பழகின பாட்டாப் போட்டுப் பாருங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்றார் கடைக்காரர். எனக்குப் பழகியது நீ போனில் பாடி அனுப்பியதுதானே, அதையே போட்டேன்.

முதல் ஹெட்போனில் நீ குடத்துக்குள் உட்கார்ந்து பாடினாய். இரண்டாவது காதுகளுக்குக் கிடுக்கிப்பிடி போட்டது. மூன்றாவதில் நீ மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கூடவே, நீ நடக்க நடக்க, கைத்தடி தரையில் டொக் டொக்கென்று ஊன்றும் சத்தம். என் பழைய இயர்போனில் இது கேட்டதே இல்லை.

"என்ன, சத்தம் சரியில்லையா?" என்றார் கடைக்காரர்.

"ரொம்பச் சரியா இருக்கு. இதையே குடுங்க."

"கால் வலி போயே போச்சு, தடியைப் பரண்ல போட்டாச்சு" என்றாயே அம்மா. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று துணி மடிக்கும்போதும் அந்த டொக்தான். அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு. அடுத்த பாட்டை உட்கார்ந்து பாடு, கொஞ்சம் நீளமாகவே பாடு.

வேலை முடிந்து அறைக்குத் திரும்ப வண்டி வந்துவிட்டது. தடியின் நுனிக்கு ரப்பர் போட்டுக்கொள். வழுக்காமல் இருப்பதற்குத்தான், எனக்குக் கேட்காமல் இருப்பதற்கு அல்ல.

உன் மகன்