ராகு காலத்துக்கு முன் கொடுத்த சம்மதம்

வெள்ளிக்கிழமை, இரவு

லேப்டாப் வந்துவிட்டது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

செல்லூர் தறிகளுக்குச் சேலை பார்டர் வரைகிற எனக்கு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் போதும். லேப்டாப்போடு காசுக்குத் தலையில் கட்டுகிற சிஸ்டம் வேண்டாம் என்று கடையில் சொன்னேன். "வேணாம்னா வீட்ல போய் அழிச்சுக்கங்கக்கா, வெல குறையாது" என்றார் கடைக்காரர். நான் விடவில்லை. கம்பெனிக்கு எழுதி எழுதி ஒரு பதில் வாங்கினேன். முதல்முறை திறக்கும்போது கேட்கிற நிபந்தனைக்குச் சம்மதம் கொடுக்காமல் இருந்தால், அந்த சிஸ்டத்தின் விலையை மட்டும் திருப்பித் தருவார்களாம்.

காலையில் பெட்டி வந்தபோது நான் தறிக்கூடத்தில் இருந்தேன். வீடு திரும்பினால் லேப்டாப் மூடியில் சந்தனம், குங்குமம். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துருமேன்னு நானே ஆன் பண்ணிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொடாதீங்கன்னு எம்புட்டு தடவ சொன்னேன்?"

"சம்மதமான்னு கேட்டுச்சு, சம்மதம்னு அமுக்குனேன். நல்ல காரியத்துல யாராச்சும் வேணாம்னு அமுக்குவாகளா?"

முகத்தில் அவ்வளவு பெருமை. மூன்று வாரம் நான் போட்ட சண்டை ஒரு விரலில் முடிந்துவிட்டது.

இப்போது பார்டர் வரைய உட்கார்ந்தேன். என் உழைப்பில் வாங்கிய லேப்டாப், அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறது. அடுத்து பாஸ்வேர்டு கேட்கிறது. அவரை எழுப்பிக் கேட்டேன்.

"காலைல சொல்றேன், படு" என்கிறார்.